கூட்டம் கலைந்தது என்று யார் சொல்வது?

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகை முடிந்த கையோடு, கற்பிட்டிக் கரையோரத்தில் உள்ள எமது ஊர்ப் பாடசாலை மண்டபத்தில் எமது விளையாட்டுக் கழகத்தின் வருடாந்தப் பொதுக் கூட்டம் கிராஅத்துடன் ஆரம்பமானது. மஃரிபுக்கு பாங்கு சொல்லும்போது அதே கழகத்துக்கு இரண்டு தலைவர்களும் இரண்டு நிருவாக சபைகளும் இருந்தன. அப்போது கழகத்தின் செயலாளர் நான்.

கழகத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ நான் இங்கே எழுதப் போவதில்லை. அன்று சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களில் அநேகர் இன்று ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறார்கள். அதோடு, பெயரை மட்டும் மாற்றினால் இந்தக் கதை புத்தளம் நகரத்துக்கும் பொருந்தும், பாலாவிக்கும் பொருந்தும், கடற்றொழிலாளர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர் சங்கம், ஏன், சில பள்ளிவாசல் நிருவாகத் தெரிவுகளுக்கும் பொருந்தும். வருடத்தில் ஒரு நாள் கூடுகின்ற கூட்டத்தில் ஏன் இப்படி நடக்கின்றது என்பதை, அதில் என் பங்கையும் மறைக்காமல், எழுதிப் பார்க்கிறேன்.

நிகழ்ச்சி நிரல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்ற வருடக் கூட்டறிக்கை, செயலாளர் அறிக்கை, பொருளாளரின் கணக்கறிக்கை, புதிய நிருவாகத் தெரிவு, வேறு விடயங்கள். கணக்கறிக்கை வரை அமைதியாகவே போனது. மைதானத்துக்கு மின்விளக்குப் போடுவதற்காகச் சேர்த்த ஒரு லட்சத்து எண்பதினாயிரம் ரூபாய்க்கு மேல் வங்கியில் இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

தெரிவு ஆரம்பித்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு தம்பி எழுந்து, எந்தப் பதிவேட்டின்படி வாக்கெடுப்பு என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. பொருளாளரின் கொப்பியில் 62 பெயர்கள் இருந்தன. எனது பட்டியலில் 97. மேலதிகமான 35 பேரும் கூட்டத்துக்கு முந்திய பத்து நாட்களுக்குள் சந்தா கட்டியவர்கள். பற்றுச்சீட்டு எழுதியது நான். 35 சீட்டும் ஒரே இரவில், ஒரே பேனையால் எழுதியவை. பணத்தைக் கொண்டு வந்து தந்ததும் ஒருவர்தான். கட்டாரில் இருக்கும் எமது பழைய விளையாட்டு வீரர் ஒருவர் அனுப்பிய காசு அது. தலைவரை மாற்ற வேண்டும் என்று நினைத்தவர்களில் அவரும் ஒருவர். நானும் உள்ளூர அதைத்தான் விரும்பினேன்.

பொருளாளர் தரப்புக்கு இது வாக்கு வாங்கும் வேலையாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததில் பிழையில்லை. ஆனால் அவர்கள் அதைச் சொல்லவில்லை. யாப்பின் வேறொரு பிரிவைக் கையில் எடுத்தார்கள். "இவ்வூரை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர்" மட்டுமே அங்கத்தவராகலாம் என்று அந்தப் பிரிவு சொன்னது. 35 பேரில் இருபதுக்கும் மேற்பட்டோர் பிரதான வீதிக்கு அப்பால் உள்ள குடியேற்றத்தைச் சேர்ந்த பிள்ளைகள்.

இந்த மாவட்டத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னாரில் இருந்து வள்ளங்களில் வந்தவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். எமது வாப்பாமார் அலைக்குள் இறங்கிப் பிள்ளைகளைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள், பாடசாலையையும் பள்ளியையும் திறந்துவிட்டார்கள், சோறு சமைத்தார்கள். அதன் பிறகு தண்ணீர், காணி, கூலி வேலை, பாடசாலை அனுமதி என்று ஒவ்வொன்றிலும் உரசலும் வந்தது. இரண்டும் உண்மை. அன்று தூக்கிக் கரை சேர்த்த பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இப்போது எமது கழகத்துக்கு கோல் அடிக்கிறார்கள். இங்கே பிறந்தவர்கள். ஆனால் சொந்த ஊரின் உரிமை போய்விடக் கூடாது என்பதற்காகப் பல குடும்பங்கள் வாக்காளர் இடாப்பில் தமது பெயரை நெடுங்காலம் மன்னாரிலேயே வைத்திருந்தன. "நிரந்தர வதிவிடம்" எது என்று கேட்டால் அவர்களுக்கு எதைச் சொன்னாலும் எங்கோ ஒரு உரிமை போகும்.

கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் கொண்டு வந்தாயா என்று ஒருவர் கேட்டார். இரண்டு வருடமாக எங்களை அணியில் ஆடவைத்தபோது கேட்டீர்களா என்று மறுபக்கம் கேட்டது. அப்போது யாரோ ஒருவர், யார் என்று இன்று வரை எவரும் ஒப்புக்கொள்ளவில்லை, "அகதி" என்ற சொல்லைச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு கூட்டம் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் மேலே போயின. தலைவர் ஹாஜியார் எழுந்து, "கூட்டம் முடிஞ்சி, எல்லாரும் வீட்ட போங்க" என்று சொல்லிவிட்டு, என் முன்னால் இருந்த கூட்டறிக்கைப் புத்தகத்தைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியேறினார். ஏறக்குறைய பாதிப் பேர் அவருடன் போனார்கள். மீதிப் பாதி உட்கார்ந்திருந்தது. மூத்த ஒரு நானாவைத் தற்காலிகத் தலைவராகப் போட்டு, கைதூக்கி, பத்து நிமிடத்தில் புதிய நிருவாகத்தைத் தெரிவு செய்தோம். நான் ஒரு பாடசாலைக் கொப்பியில் அதை எழுதினேன். அதே இரவு ஹாஜியார் வீட்டில் கூடியவர்கள் பழைய நிருவாகத்தையே மீண்டும் தெரிவு செய்து, தூக்கிப் போன புத்தகத்தில் எழுதினார்கள்.

தலைவருக்குக் கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் இருக்கிறதா? அன்றிரவு முழுவதும் வட்ஸ்அப்பில் இதுதான் வாதம். தலைவர் கலைத்தால் கலைந்ததுதான் என்று ஒரு சாரார். கூட்டம் அங்கத்தவர்களுடையது, அவர் வேண்டுமானால் போகட்டும் என்று மற்றச் சாரார்.

இந்தக் கேள்வி பழையது. இங்கிலாந்தில் 1894ஆம் ஆண்டு ஒரு கம்பனிக் கூட்டம் பற்றிய வழக்கில் நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. வேலை முடியாத நிலையில் தலைவர் தன் விருப்பப்படி கூட்டத்தை முடித்துவிட முடியாது; அவர் எழுந்து போனால், இருப்பவர்கள் வேறொருவரைத் தலைவராக்கித் தொடரலாம். 1969இல் வேல்ஸின் பெம்ப்ரோக்ஷயர் பகுதித் தொழிற்கட்சிக் கிளையின் கூட்டச் சண்டை நீதிமன்றத்துக்குப் போனபோது, நீதிபதி மெகாரி இதன் மறுபக்கத்தையும் விளக்கினார். கலவரம் மூண்டால் தலைவர் கூட்டத்தை ஒத்திவைக்கலாம். ஆனால் ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவரும் நல்ல எண்ணத்துடன் மட்டும், அதற்குத் தேவையான நேரத்துக்கு மட்டும். முதலில் சமாதானப்படுத்திப் பார்க்க வேண்டும். கால் மணித்தியாலம் போதுமென்றால் கால் மணித்தியாலம். தோற்கப் போகிறோம் என்று தெரிந்து ஒத்திவைப்பது இதில் அடங்காது. அந்நிய நாட்டுத் தீர்ப்புகள் எமது ஊர்க் கழகத்தை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் தலைவர், செயலாளர், பிரேரணை, ஆமோதித்தல் என்று நாம் நடத்துகின்ற இந்தக் கூட்ட முறையே பிரித்தானியரிடம் இருந்து வந்ததுதான்; அதன் தர்க்கமும் அங்கேயே கிடைக்கிறது.

ஆகவே ஹாஜியார் செய்தது பிழை. நாற்காலி பறந்தபோது "மஃரிப் தொழுதுவிட்டு வந்து தொடர்வோம்" என்று அவர் சொல்லியிருந்தால் அது சரியான ஒத்திவைப்பு. பள்ளியும் பக்கத்தில்தான் இருந்தது. வுழூச் செய்யும் நேரத்தில் பாதிக் கோபம் இறங்கியிருக்கும். நாங்கள் தொடர்ந்தது சரி என்று அந்த இரவில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அது எவ்வளவு நாள் நீடித்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கலவரமான கூட்டத்தின் முன் கைகட்டி நிற்கும் தலைவருக்கு ஹாஜியார் முதல் ஆள் அல்ல. அமெரிக்க இராணுவத்தில் பொறியியலாளராக இருந்த ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்பவரை 1863இல் நியூ பெட்ஃபர்ட் நகரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். அவருக்கு எப்படி நடத்துவது என்று தெரியவில்லை, கூட்டம் கையை விட்டுப் போனது. அந்த வெட்கத்தில் கூட்ட நடைமுறைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கியவர் 1876இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். இன்று உலகின் பல சங்கங்கள் பின்பற்றுகின்ற ராபர்ட் விதிகள் அதுதான். அவமானப்பட்டவர்களில் ஒரு சிலர் நூல் எழுதுகிறார்கள். எமது பக்கத்தில் அநேகர் அடுத்த கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

எமக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி இருக்கிறது. ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டு உஹதுக்கு முன்னர், மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வது நபி (ஸல்) அவர்களின் சொந்த அபிப்பிராயமாக இருந்தது. வெளியே சென்று போரிட வேண்டும் என்று இளைஞர்கள் உட்படப் பலர் விரும்பினார்கள். அவர்களின் விருப்பத்தை நபியவர்கள் ஏற்றுக் கவசம் அணிந்தார்கள். பிறகு அவர்கள் மனம் வருந்தி, உங்கள் விருப்பப்படியே செய்வோம் என்று வந்தபோது, எடுத்த முடிவை மாற்றவில்லை. மஷூரா பற்றி ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தன் அபிப்பிராயத்துக்கு மாறான முடிவைத் தலைமை தாங்கியவரே ஏற்று நடத்தியதும், முடிந்த முடிவை மறுபடி கிளறாததும் அதே சம்பவத்தில்தான் இருக்கின்றன. நாங்கள் முதல் பாதியைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம் போலும்.

அடுத்த வாரம் வங்கிக்கு இரண்டு கடிதங்கள் போயின. இரண்டிலும் கழகத்தின் இறப்பர் முத்திரை; எமது தரப்பு புதிதாக ஒன்று செய்திருந்தது. கையொப்பம் மாற்றச் சொல்லி ஒன்று, மாற்ற வேண்டாம் என்று ஒன்று. முகாமையாளர் இரண்டையும் வாசித்துவிட்டு, நீங்கள் ஒரு முடிவுக்கு வரும் வரை கணக்கில் கொடுக்கல் வாங்கல் இல்லை என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிரதேச செயலகத்துக்கும் இரண்டு பட்டியல்கள். லீக்குக்கும் இரண்டு படிவங்கள். அந்தப் பருவம் நாம் ஆடவில்லை. பதினேழு வயதுக்குட்பட்ட அணியில் நல்ல நான்கு பிள்ளைகள் பக்கத்து ஊர்க் கழகத்துக்குப் போனார்கள், அதில் இருவர் திரும்பி வரவேயில்லை. மின்விளக்குக் காசு வங்கியில் கிடக்க, மைதானத்தில் எருக்கலை முளைத்தது.

ஊர்ச் சின்னத்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2023 ஜனவரி 14ஆம் திகதி இலங்கை கால்பந்தாட்ட சம்மேளனத்தின் நிருவாகத் தெரிவு நடந்தது. யார் போட்டியிடலாம், எந்த விதியின்படி தேர்தல், விளையாட்டு அமைச்சு எவ்வளவு தூரம் தலையிடலாம் என்ற சர்ச்சைகளுக்கு நடுவே நடந்த தெரிவு அது. ஒரு வாரத்தில் பிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாத இறுதியில்தான் தடை நீங்கியது. செப்டம்பர் 29ஆம் திகதி புதிய தேர்தல் நடந்து ஜஸ்வர் உமர் தலைவரானார். இடையில் போன ஏழு மாதங்களில் எமது தேசிய அணியோ கழகங்களோ எந்த சர்வதேசப் போட்டியிலும் ஆட முடியவில்லை. பயிற்சி, அபிவிருத்தி உதவி எதுவும் இல்லை. அந்த வருடம் பெங்களூரில் நடந்த தெற்காசிய சம்பியன்ஷிப்பில் இலங்கை இல்லை. யார் சரி யார் பிழை என்று இன்றும் இரு தரப்பு வாதங்கள் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. பெங்களூருக்குப் போக வேண்டியிருந்த பையன்களில் ஒருவருக்கும் அந்தத் தேர்தலில் வாக்கு இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

அதே வருடம் நவம்பரில் கிரிக்கெட்டும் அதே கிணற்றில் விழுந்தது. ஆறாம் திகதி விளையாட்டு அமைச்சர் ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிருவாகத்தைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். அடுத்த நாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. பத்தாம் திகதி ஐ.சி.சி. இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. இங்கே நடக்கவிருந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. 2024 ஜனவரி இறுதியில் தடையை நீக்கினார்கள். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்கு விரிவான அதிகாரம் தருகிறது. சர்வதேச அமைப்புகளோ அங்கத்தவர்களின் தெரிவில் வெளியார் கை வைப்பதை ஏற்பதில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் கழகங்கள் ஒழுங்காக இருந்தால் மட்டும்தான் எவரும் கை வைக்கக் காரணம் இல்லாமல் போகும்.

எமது விடயத்துக்கு வருகிறேன். ஐந்து மாதம் கழித்துப் பள்ளி நிருவாகம் இரு தரப்பையும் அழைத்தது. மத்தியஸ்தத்துக்கு ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரை வைத்தார்கள். அவர் இரண்டு தரப்பின் பேச்சையும் ஒரு மணித்தியாலம் கேட்டார். தேநீர் குடித்தார். பிறகு யாப்பைத் தாருங்கள் என்றார். பதினொரு பக்கம், தட்டச்சில் அடித்தது, ஓரம் கறையான் அரித்தது. அதைக் கடைசியாக எப்போது வாசித்தீர்கள் என்று எங்களைக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"கூட்ட அறிவித்தல் எத்தனையாம் திகதி கொடுத்தீங்க தம்பி?" என்று என்னைக் கேட்டார். வட்ஸ்அப்பில் தேடிக் காட்டினேன். கூட்டத்துக்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர். யாப்பில் பதினான்கு நாட்கள், எழுத்து மூலம், என்று இருந்தது.

"அப்ப கூட்டமே நடக்கல்லையே" என்றார் அதிபர்.

பதினான்கு நாள் அறிவித்தல் ஒரு மரியாதைக்காக எழுதப்பட்டது அல்ல. கடலுக்குப் போனவர் திரும்பி வர, கொழும்பில் கடையில் நிற்பவர் லீவு கேட்க, போட்டியிட நினைப்பவர் ஆள் சேர்க்க, கணக்கைச் சந்தேகிப்பவர் பற்றுச்சீட்டுகளைப் பார்க்க, அந்த நாட்கள் வேண்டும். அறிவித்தல் குறைந்தால் வராதவரின் உரிமை வெட்டப்படுகிறது. அவர் வராததால் அவருக்காகப் பேச அந்த மண்டபத்தில் யாரும் இல்லை. அதனால்தான் முறையான அறிவித்தல் இல்லாத கூட்டத்தின் முடிவுகள் நிற்காது என்று சட்டம் பொதுவாகப் பார்க்கிறது. ஹாஜியார் கலைத்தது செல்லுமா, நாங்கள் தொடர்ந்தது செல்லுமா என்று ஐந்து மாதமாக அடித்துக்கொண்ட கேள்விக்கு அர்த்தமே இல்லாமல் போனது. கலைப்பதற்கும் கூட்டம் இல்லை, தொடர்வதற்கும் கூட்டம் இல்லை. இரண்டு நிருவாகமும் இல்லை. அதற்குக் காரணம் நாற்காலி எறிந்தவர்கள் அல்ல, நான். ஒன்பது நாளைக்கு முன்னர் அறிவித்தால் கடைசி நேரச் சந்தாக்காரர்களைப் பற்றி மறு தரப்பு விழித்துக்கொள்ள நேரம் இருக்காது என்று நான் நினைத்தேனா? அப்படித் திட்டமிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்த அவசரம் எனக்கு வசதியாக இருந்தது என்பதை மறுக்கவும் முடியவில்லை.

அதிபர் அன்று மேலும் சில விடயங்களைச் சொன்னார். கோரம் எனப்படும் குறைந்தபட்ச வருகை ஆரம்பத்தில் இருந்தால் மட்டும் போதுமா, முடியும் வரை இருக்க வேண்டுமா என்பதை யாப்பில் எழுதிவிட வேண்டும் என்றார். எமது யாப்பில் இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு ஒரு ஆங்கிலேய வழக்கு ஞாபகம் வந்தது. 1876இல் தீர்க்கப்பட்டது. ஒரு சுரங்கக் கம்பனியின் கூட்டத்துக்குப் பங்குதாரர் ஒரே ஒருவர்தான் வந்தார். அவரே தலைமை தாங்கினார், தீர்மானம் நிறைவேற்றினார், இறுதியில் தலைவருக்கு, அதாவது தனக்கே, நன்றியுரையும் நிறைவேற்றினார். ஒருவர் மட்டும் இருந்தால் அது கூட்டம் ஆகாது என்று நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. எமது பக்கத்தில் சில சங்கங்களின் கூட்டறிக்கைகளைப் பார்த்தால் அந்த மனிதரின் வாரிசுகள் இங்கே வந்து சேர்ந்துவிட்டார்களோ என்று தோன்றும்.

வராதவருக்குப் பதிலாக இன்னொருவர் வாக்களிக்கலாமா? யாப்பு அனுமதித்தால் மட்டும். சமநிலை வந்தால் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டா? அதுவும் யாப்பில் இருந்தால் மட்டும். வட்ஸ்அப்பில் பெருவிரல் காட்டியதை வாக்காக எண்ணக் கூடாது.

பதிவேட்டைப் பற்றித்தான் அதிபர் அதிகம் பேசினார். நானும் இப்போது அதைத்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். தேர்தல் நாளில் யார் அங்கத்தவர் என்று கேள்வி வந்தால் அதற்கு நேர்மையான பதிலே கிடையாது. ஏனெனில் அந்த நேரத்தில் ஒவ்வொரு பெயரும் ஒரு வாக்கு. எந்தத் தரப்புக்கு என்பதும் தெரியும். அதே கேள்வியைத் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னர் கேட்டால் அது வெறும் கணக்கு. சந்தாவுக்கு ஒரு கடைசித் திகதி, அதற்குப் பின்னர் கட்டுபவருக்கு அந்த வருடம் வாக்கு இல்லை, பட்டியலைப் பகிரங்கமாக ஒட்டுவது, ஆட்சேபனை சொல்ல அவகாசம், ஆட்சேபிக்கப்பட்டவருக்குத் தன் பக்கம் சொல்ல ஒரு வாய்ப்பு. எமது பொருளாளர் கொப்பியில் எழுதி வைத்திருந்தார், நான் தொலைபேசியில் வைத்திருந்தேன். இருவரும் பத்து வருட நண்பர்கள், இரண்டையும் ஒரு முறையாவது ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. நம்பிக்கை இருக்கும்போது எழுதுவது சந்தேகப்படுவது போல் இருக்கிறது என்று நாம் கூச்சப்படுகிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்று அதிபர் ஞாபகப்படுத்தினார். அது எதிரிகளுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலுக்கு என்று சொல்லப்படவில்லை.

"நிரந்தர வதிவிடம்" என்ற பிரிவை யார் எழுதியது என்று தேடினோம். 1980களின் தொடக்கத்தில், கழகத்தை ஆரம்பித்தவர்கள் எழுதியது. அப்போது வடக்கில் இருந்து எவரும் வந்திருக்கவில்லை. பக்கத்து ஊரில் இருந்து நல்ல வீரர்களைக் காசு கொடுத்து இறக்கக் கூடாது என்பதற்காகவே அதைப் போட்டோம் என்று, எழுதியவர்களில் உயிருடன் இருக்கும் ஒருவர் சொன்னார். வெளியூர் ஆட்டக்காரரைத் தடுக்க எழுதிய விதி, இங்கே பிறந்த பிள்ளையைத் தடுக்கப் பயன்பட்டது. விதியை எழுதும்போது அதன் காரணத்தையும் கூட்டறிக்கையில் இரண்டு வரி எழுதியிருந்தால் இந்த வாதம் அன்றே முடிந்திருக்கும். எவரும் எழுதவில்லை.

இதில் இரு தரப்பிலும் சுத்தமானவர்கள் இல்லை என்பதை நான் மறுபடி சொல்ல வேண்டும். ஒரு தரப்பு வதிவிடத்தை வைத்துப் பிள்ளைகளை வெளியே தள்ளப் பார்த்தது. மறு தரப்பு, அதாவது நாங்கள், அந்தப் பிள்ளைகளை மொத்தமாக வாங்கிய வாக்காக உள்ளே கொண்டுவந்தோம். அந்த 35 பேரில் ஒரு பையன் பின்னர் என்னிடம் கேட்டான்: "நானா, எங்கள நீங்க ஏன் ரெண்டு வருஷத்துக்கு முந்தியே சேக்கல்ல?" அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சந்தா வருடத்துக்கு முந்நூறு ரூபாய். கேட்டிருந்தால் அவர்களே கட்டியிருப்பார்கள்.

முடிவு இப்படி ஆனது. பழைய நிருவாகம் ஒரேயொரு வேலைக்காக மட்டும் தொடரும்: முறையாக ஒரு கூட்டத்தைக் கூட்டுவது. 97 பேரின் பட்டியலும் பள்ளி அறிவித்தல் பலகையில் முப்பது நாட்கள் தொங்கியது. கட்டார் காசு திருப்பி அனுப்பப்பட்டது. விரும்பியவர்கள் தாமே சந்தா கட்டினார்கள், 35 பேரில் 28 பேர் கட்டினார்கள். ஊரில் வாழ்கிறாரா என்பதற்கு அயலவர் இருவர் சொன்னால் போதும் என்று இரு தரப்பும் எழுத்தில் இணங்கின. தெரிவை மட்டும் நடத்த, போட்டியிடாத அதிபர் தலைமை. கைதூக்கல் இல்லை, பெட்டியில் சீட்டு. கூட்டறிக்கைப் புத்தகத்தை ஹாஜியார் தானே கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவர் அன்றிரவு தன் வீட்டில் எழுதிய பக்கத்தையோ, நான் கொப்பியில் எழுதியதையோ கிழிக்க வேண்டாம் என்று அதிபர் சொல்லிவிட்டார். இரண்டும் இப்போது ஒரே புத்தகத்தில், ஒட்டப்பட்டு இருக்கின்றன.

ஹாஜியார் பதினான்கு வாக்குகளால் வென்றார். ஆம், நாங்கள் தோற்றோம். புதிதாக வந்தவர்களில் கணிசமானோர் அவருக்கே போட்டிருக்க வேண்டும். கணக்கு அப்படித்தான் வருகிறது. மறு வருடம் ஒரு விசேட பொதுக் கூட்டத்தில் அந்த வதிவிடப் பிரிவு மாற்றப்பட்டது. அதைப் பிரேரித்ததும் ஹாஜியார்தான், அவருடைய காரணங்கள் அவருக்குத் தெரியும். "அகதி" என்ற சொல்லுக்கு இன்று வரை எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பொருளாளரும் நானும் ஸலாம் சொல்லிக்கொள்கிறோம், அதற்கு மேல் இன்னும் போகவில்லை.

செயலாளர் பதவியில் இப்போது இருப்பவர் அந்த 35 பேரில் ஒருவர். சென்ற வருடம் அவர் கூட்ட அறிவித்தலைப் பள்ளிப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது நான் ளுஹருக்குப் போய்க்கொண்டிருந்தேன். நின்று, திகதியை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பதினாறு நாள் இருக்கு நானா," என்றார்.